வி-கிராஸுக்கு டயர் மாற்றுவதா, லிஃப்ட் கிட் போடுவதா? மலைத்தோட்டப் பாதைக்கு யோசனை சொல்லுங்கள்

தாண்டிக்குடிக்காரன்:
2021 மாடல் இசுசு வி-கிராஸ் பிக்கப், ஃபோர் வீல் டிரைவ், 68,000 கி.மீ. ஓடிவிட்டது. தாண்டிக்குடிக்கு மேலே தோட்டம்: காபி, மிளகு, நடுவில் மலைவாழை. தார் ரோடு முடிந்த பிறகு மூன்றரை கிலோமீட்டர் மண் பாதை, குறுக்கே ஓர் ஓடை, அதைத் தாண்டியதும் கல் பெயர்ந்த கொண்டை ஊசி வளைவு. கோடையில் ஒரு தொல்லையும் இல்லை. ஐப்பசி மழை தொடங்கிவிட்டால் செம்மண் டயர் பள்ளத்தையெல்லாம் அடைத்துக்கொண்டு, மொட்டை டயர் மாதிரி நின்ற இடத்திலேயே சுற்றுகிறது. போன வாரம் அந்த வளைவில் அடியில் ஏதோ கல்லில் உரசி ‘கர்ர்ர்’ என்று கேட்டதும் எனக்கு வயிறு கலங்கிவிட்டது.

ஏறும்போது காலி வண்டி, இறங்கும்போது 600, 700 கிலோ தார். (வாழைத்தார். மகிந்திரா தார் வைத்திருக்கும் என் மச்சான் இதைச் சொல்லியே தினமும் கிண்டல் செய்கிறான்.)

இப்போது இருப்பது கம்பெனி அளவு, 255/60 ஆர்18 (அகலம் 255 மி.மீ., ரப்பர் சுவர் அதில் 60%, ரிம் 18 இஞ்ச்) ஹெச்டி, அதாவது தார் ரோட்டு டயர், தேய்ந்து முடியப் போகிறது. ஒரு கடையில் கேட்டால் இரண்டு இஞ்ச் லிஃப்ட் (சஸ்பென்ஷனை மாற்றி வண்டியை உயர்த்துவது), அகல அலாய் ரிம், எம்டி டயர் (சேற்றுக்கானது) எல்லாம் சேர்த்து ஒரே பேக்கேஜ் என்கிறார்கள். பட்ஜெட் ஒன்றரை லட்சம். எதை முதலில் செய்வது?

பட்டறைப்பையன்:
அண்ணா, காசைக் கையில் வைத்துக்கொண்டு முதலில் ஒரு சாக்கை விரித்து வண்டிக்கு அடியில் படுங்கள். எது உரசியது என்று தெரியாமல் லிஃப்ட் வாங்குவது, எந்தப் பல் வலிக்கிறது என்று பார்க்காமல் பிடுங்குகிற கதை.

பின்பக்க டிஃபரன்ஷியலின் (பின் அச்சின் நடுவில் இருக்கும் கியர் உருண்டை) அடியில் புதுக் கீறல் இருந்தால் லிஃப்ட் கிட் அதை ஒரு மில்லிமீட்டர் கூட உயர்த்தாது. அந்த அச்சு சக்கரத்தோடு சேர்ந்தது, ஸ்பிரிங்கை மாற்றினால் சேஸிஸும் பாடியும்தான் மேலே போகும். அச்சை உயர்த்த டயர் ஒன்றுதான் வழி, அதிலும் விட்டம் கூடுவதில் பாதிதான் கிடைக்கும். உங்கள் டயரின் விட்டம் 763 மி.மீ. 16 இஞ்ச் ரிம்மில் 265/75 போட்டால் 804. ஆக 20 மி.மீ. உயரம். வளைத்துத் திருப்பும்போது முன்பக்க ஃபெண்டர் லைனரில் (சக்கரத்துக்கு மேல் உள்ள உள்மறைப்பு) இடிக்கிறதா என்று பார்க்க வேண்டும், கியர் சற்று கனமாகத் தெரியும், ஸ்பீடோமீட்டர் 100 காட்டும்போது நிஜத்தில் 105 போவீர்கள். 265/70 ஆர்16 என்றால் 777, தொல்லை குறைவு.

எப்படியும் 18 இஞ்சிலிருந்து 16 இஞ்சுக்கு இறங்குவதுதான் என் கட்சி. ரப்பர் சுவர் உயரமானால் கல்லை அது வாங்கிக்கொள்ளும், ரிம் நெளியாது. பிரேக் காலிப்பர் இடிக்கிறதா என்று ஒரு ரிம்மை மாட்டிச் சுற்றிப் பார்த்துவிட்டு மீதியை வாங்குங்கள். ஆறு நட், நட்டு வட்டத்தின் விட்டம் 139.7 மி.மீ. என்றதும் ஹைலக்ஸ் ரிம்மும் சேரும் என்பார்கள். நட்டு சேரும், நடு ஓட்டை அளவு வேறு. அகல அலாய் வேண்டவே வேண்டாம். சக்கரம் வெளியே தள்ளிக்கொண்டு நின்றால் சேறெல்லாம் கதவில், வீல் பேரிங்கும் சீக்கிரம் போகும்.

ஜீப்_வால்பாறை:
செம்மண்ணுக்கு எம்டிதான் ஐயா. ஏடி டயர் (எல்லாப் பாதைக்கும் பொதுவானது) எந்தக் கம்பெனியாக இருந்தாலும் களிமண்ணில் பத்து அடி போனதும் அடைத்துக்கொள்ளும். எம்டியில் ரப்பர் கட்டைகளுக்கு நடுவே இடைவெளி பெரிது, சுற்றும் வேகத்தில் சேற்றைத் தானே வீசிவிடும். தார் ரோட்டில் ஹோவென்று இரையும், அதற்குப் பாட்டுச் சத்தத்தைக் கூட்டிக்கொள்ளலாம்.

பட்டறைப்பையன்:
இரைச்சல் பரவாயில்லை. வத்தலக்குண்டு இறங்கும் மலைப்பாதையில் மழை ஈரத்தில் 700 கிலோ சுமையோடு பிரேக் போடுவதை யோசியுங்கள். ஈரத் தாரில் எம்டிக்குப் பிடிப்பு குறைவு. வருஷத்தில் இரண்டு மாதச் சேற்றுக்காகப் பத்து மாதம் அதைச் சுமக்க வேண்டுமா? நல்ல ஏடி போதும், அந்த இரண்டு மாதத்துக்குப் பின்சக்கரத்துக்குச் சங்கிலி வாங்கி வைத்துக்கொள்ளலாம். லோட் இண்டெக்ஸ் (டயர் தாங்கும் எடைக்கான எண்) 112க்குக் கீழே போகாதீர்கள், அது ஒரு டயருக்கு 1,120 கிலோ கணக்கு.

சஸ்பென்ஷன் விஷயம். ஷாக் அப்சார்பரில் எண்ணெய் கசிந்து தூசி ஒட்டியிருக்கிறதா பாருங்கள், 68,000க்கு அது வழக்கம்தான். நல்ல ஷாக் நான்கு போட்டாலே பாதி வண்டி புதிதாகிவிடும். பின்னால் கனமான ஸ்பிரிங் பட்டை போட்டால் லோடில் சுகம், காலியாக ஏறும்போது துள்ளித் துள்ளிப் பிடிப்பு போய்விடும், நீங்கள் ஏறுவதே காலியாகத்தானே! அதனால் தினமும் லோடு இல்லையென்றால் பட்டையைத் தொடாதீர்கள். நீள ஷேக்கிள் (ஸ்பிரிங் பட்டையைச் சேஸிஸோடு மாட்டும் இணைப்பு) போட்டுப் பின்பக்கத்தைத் தூக்கும் வேலையும் வேண்டாம். முன்னால் இரண்டு இஞ்ச் தூக்கினால் டிரைவ் ஷாஃப்ட் ஜாயிண்ட் சாய்வாகவே ஓடி அதன் ரப்பர் உறையான பூட் கிழியும், கேம்பர், கேஸ்டர் என்ற சக்கரச் சாய்வுக் கோணங்களை எல்லாம் மறுபடி பிடிக்க வேண்டும்.

ஷார்ஜா_மணல்:
நான் ஓட்டுவது பாலைவனத்தில், சேறு பற்றிப் பேச எனக்கு யோக்கியதை இல்லை. ஆனாலும் காசில்லாத ஒரு வேலை சொல்கிறேன், காற்றை இறக்கிப் பாருங்கள். நாங்கள் மணலில் 15 பிஎஸ்ஐ (காற்றழுத்த அளவு) வரை இறக்குவோம். கல் பாதைக்கு 24, 25 பிஎஸ்ஐ சரியாக இருக்கும். ஏறும்போது மட்டும் இறக்குங்கள், லோடு ஏற்றுவதற்கு முன் தோட்டத்திலேயே பழையபடி ஏற்றிவிடுங்கள். பாட்டரியில் மாட்டும் சின்ன கம்ப்ரஸர் ஒன்று போதும்.

கண்மாய்க்கரை:
அப்புறம் சட்டம் ஒன்று இருக்கிறது. மோட்டார் வாகனச் சட்டம் பிரிவு 52, ஆர்சியில் உள்ளதற்கு மாறாக வண்டியை மாற்றக்கூடாது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதைத்தான் சொன்னது. 2019 திருத்தத்துக்குப் பிறகு ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், ஆறு மாதம் வரை சிறையும் எழுதியிருக்கிறது. விபத்து நடந்தால் இன்சூரன்ஸ்காரர் முதலில் பார்ப்பதும் லிஃப்டையும் டயரையும்தான். கம்பெனி அளவுக்குப் பக்கத்திலேயே இருங்கள்.

தாண்டிக்குடிக்காரன்:
படுத்துப் பார்த்தேன். டிஃபரன்ஷியலில் பழைய கீறல் இரண்டு, அதுவும் மேலோட்டமாகத்தான். புதுக் காயம் முழுவதும் இடப்பக்க ஃபுட்போர்டில், பைப் நசுங்கி உள்ளே மடங்கியிருக்கிறது, அதன் பிராக்கெட்டில் செம்மண்ணோடு ஒரு கல் இன்னும் செருகிக்கொண்டு நிற்கிறது! பின்பக்கம் ஒரு ஷாக்கில் எண்ணெய் கசிவும் இருக்கிறது.

ஆக நான்கு ஷாக், 16 இஞ்ச் ரிம்மில் 265/70 ஏடி, ஒரு கம்ப்ரஸர், சங்கிலி. லிஃப்ட் இல்லை. ஃபுட்போர்டைக் கழற்றினால் தீர்ந்தது, ஆனால் அதை மாட்டியதே அம்மா ஏறுவதற்காகத்தான்.

ஜீப்_வால்பாறை:
கழற்றிவிட்டு வண்டியில் ஒரு முக்காலி போட்டு வையுங்கள். எங்கள் கமாண்டர் ஜீப்பில் பாட்டி இருபது வருஷம் அப்படித்தான் ஏறினார். எம்டி பற்றி என் கருத்தில் மாற்றமில்லை.