பாசி தின்ன வந்த ஓரா

வீட்டில் கடல்மீன் வளர்த்த மூவர் எழுதுகிறார்கள்.

புதுக்குடியிருப்பிலிருந்து:

கடல்மீனைக் கறிச்சட்டியில் மட்டுமே பார்த்த வீடு எங்களுடையது. ஓரா என்ற கடல்மீன் ஒன்றைக் கண்ணாடித் தொட்டியில் விட்ட நாளிலிருந்து மாமி கேட்கிறார்: "தம்பி, இது எப்போது குழம்புக்கு?" இரண்டு ஆண்டுகளாகிவிட்டன.

நான்கு அடித் தொட்டி, ஏறத்தாழ 250 லீற்றர். கல்லெங்கும் பச்சைப் பாசி மயிராகப் படர்ந்து, சுரண்டியே கை ஓய்ந்துபோனது. முல்லைத்தீவில் கரைவலை இழுக்கும் சித்தப்பா விரலளவு ஓராக் குஞ்சு ஒன்றை வாளியில் கொண்டுவந்தார். "சாதாளையும் பாசியும் தின்கிற சாதி. விட்டுப் பார்" என்றார்.

முதல் இரவு டோர்ச் அடித்துப் பார்த்தேன். உடம்பெல்லாம் திட்டுத்திட்டாகக் கறுத்து, முள்ளை விரித்தபடி மூலையில் கிடந்தது. செத்தது என்றே நினைத்தேன். விடிந்தபோது வெளிறிய பழைய நிறத்தில் கல்லைக் கொறித்துக்கொண்டிருந்தது! சித்தப்பாவிடம் சொன்னால், "ஓராவுக்கு அந்தத் திட்டு நிறம்தானே" என்கிறார். இரவிலும் பயத்திலும் அது பூணும் நிறம் அது. அவர் வலையில் காண்பதெல்லாம் பயந்த ஓரா.

பத்து நாளில் தொட்டி பளபளத்தது. தொல்லை அதன்பிறகுதான். மேயப் பாசி இல்லாமல் மீனின் வயிறு ஒட்டிப்போனது. இப்போது கரையில் அள்ளிய பாசியை அலசி, உடுப்புக் காயப்போடும் கிளிப்பில் மாட்டித் தொங்கவிடுகிறேன். கிடைக்காத நாளில் சலாது இலை. எனக்கு வேலைக்காரனாக வந்தவனுக்கு நான் சமையல்காரன். தின்பதற்கு ஏற்பக் கழிவும் உண்டு. அது நைத்திரேற்றாகி மறுபடி பாசியை வளர்க்கிறது, ஆகவே வாரந்தோறும் நீர் மாற்றத்தான் வேண்டும்.

மாரியில் வட்டுவாகல் பக்கம் கடல்நீர் அள்ளாதீர்கள். நந்திக்கடல் களப்பின் மழைவெள்ளம் கடலில் இறங்கும் காலம் அது. நீரின் உப்பைக் காட்டும் அடர்த்தி 1.025 இருக்க வேண்டும், எனக்கு 1.015 காட்டியது. ஆவியாகிக் குறைவதை நன்னீரால் நிரப்புங்கள், உப்பு ஆவியாகாது. நான் கடையில் வாங்கும் சுத்திகரித்த நீரை ஊற்றுகிறேன். நாங்கள் குடிப்பது கிணற்று நீர் என்பதில் மாமிக்குத் தனிக் கோபம்.

வவுனியாவிலிருந்து:

கடல் எங்களுக்குத் தொலைவு. லீற்றருக்கு 35 கிராம் கணக்கில் செயற்கைக் கடலுப்பைக் கரைத்துத்தான் வளர்த்தேன். என்னுடையது பிளென்னி, கல்லின்மேல் குந்தியிருந்து பாசி சுரண்டும் சின்ன மீன். முழியை உருட்டி ஆளையே பார்க்கும். 2022 மார்ச் கடைசியில் 13 மணிநேரம் மின்சாரம் நின்றபோது, நீரில் காற்றுக் கலக்கட்டும் என்று கோப்பையால் நீரை அள்ளி மேலிருந்து ஊற்றி ஊற்றி அதை உயிரோடு வைத்திருந்தேன். பிறகு ஒருநாள் மூடியைச் சரியாக வைக்க மறந்தேன். காலையில் அது தரையில் காய்ந்து கிடந்தது.

முல்லைத்தீவிலிருந்து:

ஓராவைக் கையால் பிடிக்கப் போகாதீர்கள். முதுகில் 13 முள், அடியில் 7, வயிற்றுச் செட்டையிலும் உண்டு, எல்லாவற்றிலும் நஞ்சு. தொட்டி கழுவும்போது எனக்குப் பெருவிரலில் குத்தியது. அம்மம்மா பொறுக்கும் சூட்டில் வெந்நீர் வைத்துக் கையை அமிழ்த்தச் சொன்னார். வலி மெல்ல இறங்கியது. புதுக்குடியிருப்புத் தம்பி, உங்கள் ஓரா ஓரடி வரை வளரும். நான்கு அடித் தொட்டி காணாது, இப்போதே சீமெந்துத் தொட்டிக்கு வழி பாருங்கள். இல்லாவிட்டால் மாமி சொல்வதைக் கேளுங்கள்.