செவரன்ஸ், கடைசிக்கு முந்தைய எபிசோடு: உங்களை இன்னும் விடாத நிமிடம் எது?

கிழக்குச் சன்னல்

பார்க்காதவர்கள் இத்துடன் நிறுத்திக்கொள்ளுங்கள். முன்கதை ஒரு வரிக்கு மேல் சொல்லப் போவதில்லை: இந்த அமெரிக்கத் தொடரில் லூமன் நிறுவன ஊழியர்களின் அலுவலக நினைவையும் வெளி நினைவையும் அறுவை செய்து பிரித்துவிடுகிறார்கள்; அலுவலகத்துக்குள் மட்டும் விழித்திருக்கும் பாதிதான் 'இன்னி'. இரண்டாவது சீசன், ஒன்பதாவது எபிசோடு, 'தி ஆஃப்டர் அவர்ஸ்'. 2025 மார்ச் 14, வெள்ளிக்கிழமை. அன்று ஹோலி; எங்கள் அலுவலகத்துக்கு விடுமுறை இல்லை. பெங்களூரு வொயிட்ஃபீல்டில் எங்கள் குடியிருப்புக்குக் கீழே பிள்ளைகள் வண்ணப்பொடியோடு ஓடிக்கொண்டிருந்தார்கள். நான் இட்லித் தட்டை மடியில் வைத்துக்கொண்டு பார்த்து முடித்தேன்.

அன்று என் தோழிகள் எல்லோரும் நாயகன் மார்க்கைப் பற்றியும் அவன் பழைய மேலாளர் கோபெலைப் பற்றியும்தான் செய்தி அனுப்பிக்கொண்டிருந்தார்கள். எனக்கு மிஸ் ஹுவாங் மட்டும்தான் மனதில் நின்றாள். அந்தத் தண்ணீர்ப் பொம்மை இருக்கிறதே, பொத்தானை அழுத்தினால் வளையங்கள் மிதந்துபோய்க் குச்சியில் விழுமே, திருவிழாக் கடைகளில் நாம் எல்லோரும் வாங்கியதுதான். அதை அவள் கையாலேயே உடைக்க வைக்கிறார் மேலாளர் மில்சிக். உடைத்த பிறகு வடதுருவத்துக்கு அருகிலுள்ள ஸ்வால்பார்டுக்கு அனுப்பிவிடுகிறார்கள். சின்னப் பெண்.

நான் மனிதவளப் பிரிவில் இருக்கிறேன். அன்று பிற்பகல் மூன்று மணிக்கு ஒரு பயிற்சிப் பணியாளரை வெளியே அனுப்பும் வேலை எனக்கு. இருபத்திரண்டு வயது, நம் ஊர்ப் பெண், சேர்ந்து ஏழு மாதம். அடையாள அட்டையைக் கழற்றிக் கொடுத்தாள். மடிக்கணினியைக் கொடுத்தாள். கொடுத்துவிட்டு, "அக்கா, இதை மட்டும் எடுத்துக்கொள்ளட்டுமா?" என்றாள். மூடியின் மேல் ஒரு சிறிய வேல் ஸ்டிக்கர். பழனியில் வாங்கியதாம்.

பதிலுக்குக் காத்திராமல் நகத்தால் ஓரத்தைக் கிளப்ப ஆரம்பித்துவிட்டாள். கருவியை அப்படியே பெற வேண்டும் என்பது விதி. "வேண்டாம்மா, விட்டுவிடு" என்றேன். அதற்குள் ஸ்டிக்கர் பாதியாகக் கிழிந்துவிட்டது. வேலின் இலை அவள் விரல் நுனியில், தண்டு மூடியில். அவள் அழவில்லை. விரலில் ஒட்டியதை அப்படியே மடக்கிக் கைக்குள் வைத்துக்கொண்டு நடந்துபோனாள்.

காலையில் ஹுவாங்குக்காகக் கண் கலங்கியவள் நான்தான். பிற்பகலில் மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தவளும் நான்தான். ஒரு ஸ்டிக்கரைக் கிழிக்க விட்டிருந்தால் யாருக்கு என்ன நட்டம்? உங்களுக்கும் இப்படி ஏதாவது நடந்திருந்தால் எழுதுங்கள். அந்த எபிசோடுக்கும் முடிவுக்கும் இடையிலான ஏழு நாட்களைப் பற்றித்தான் கேட்கிறேன்.

ஹூடி வாசகர்

எனக்கு டிலன். வெளியுலக டிலனின் மனைவி கிரெட்சன் கடைசியாகப் பார்க்க வரும்போது தன் கையால் செய்த மோதிரத்தோடு இன்னி டிலன் நிற்கிறானே, அது.

நானும் மனைவியும் ஞாயிற்றுக்கிழமை இரவு சேர்ந்து பார்த்தோம். கிரெட்சன் அழுதுகொண்டே மறுத்ததும் என் மனைவி ரிமோட்டை எடுத்து நிறுத்திவிட்டாள். பிறகு சொன்னாள்: "நீங்கள் மீட்டிங்கில் பேசும்போது நான் சமையலறையிலிருந்து கேட்பேன். அங்கே நன்றாகச் சிரிக்கிறீர்கள். அந்த ஆளை ஒரு நாள் வீட்டுக்கு அழைத்து வாருங்கள்."

கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் பதில் சொல்லியிருப்பேன். திருமணமாகிப் பதினோரு ஆண்டுகள். இன்றும் மீட்டிங்கில் சிரிப்பு வந்தால் சட்டென்று கதவைப் பார்க்கிறேன்.

பழைய ரசிகன்

கிழக்குச் சன்னல் அவர்களே, ஹுவாங்குக்காக இவ்வளவு இரக்கப்படுகிறீர்கள். அவள் அந்தக் கீழ்த்தளத்தில் என்ன வேலையில் இருந்தாள்? துணை மேலாளர். இன்னிகளைக் கண்காணிப்பது அவள் பொறுப்பு. உங்கள் பயிற்சிப் பெண்ணோடு அவளை ஒப்பிடுவது அந்தப் பெண்ணுக்குத்தான் அநியாயம். அந்தப் பெண் யாரையும் கண்காணிக்கவில்லையே.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். இந்த எபிசோடில் பெரிதாக எதுவுமே நடக்கவில்லை. ஆளுக்கு ஆள் ஓர் இடத்துக்கு நகர்கிறார்கள், அவ்வளவுதான். முடிவுக்கு முந்தைய எபிசோடு எப்படி இருக்க வேண்டும் என்று தெரிய முதல் சீசனின் எட்டாவது எபிசோடைத்தான் பார்க்க வேண்டும். 2022 ஏப்ரல் 1. டிலன் இரண்டு கைகளையும் விரித்து, இன்னிகளை வெளியே விழிக்க வைக்கும் இரண்டு சுவிட்சுகளையும் பிடிக்க, மற்ற மூவரும் வெளியுலகில் கண் விழிக்க, அங்கே நிறுத்தினார்கள்.

மாரத்தஹள்ளியில் அப்போது நாங்கள் ஐந்து பேர் ஒரே வீட்டில் இருந்தோம். எபிசோடு முடிந்ததும் ஒருவன் எழுந்துபோய் ஒரு கையை அலமாரியிலும் மறு கையைக் கதவு நிலையிலும் ஊன்றி, டிலனைப் போலவே நின்றான். "நான் கையை எடுத்தால் எல்லாம் முடிந்துவிடும்" என்றான். நாங்கள் கத்திக்கொண்டே இருந்தோம். வெகுநேரம் அப்படியே நின்றான், தோள் நடுங்கும்வரை.

அடுத்த புதன்கிழமை அவனுக்குக் கனடா விமானம். முடிவை அவன் அங்கே தனியாகப் பார்த்தான். நாங்கள் இங்கே நால்வராகப் பார்த்தோம். மே மாதம் வீட்டைக் காலி செய்தோம். 2023இல் எழுத்தாளர்கள் வேலைநிறுத்தம், அது இது என்று இரண்டாவது சீசன் 2025 ஜனவரி 17இல்தான் வந்தது. அதற்குள் ஐந்து பேரும் ஐந்து ஊரில். 'தி ஆஃப்டர் அவர்ஸ்' வந்த அன்று குழுவில் ஒருவரும் ஒரு வரி எழுதவில்லை. அந்த எபிசோடு எனக்குப் பிடிக்காமல் போனதற்கு அதுவும் காரணமாக இருக்கலாம். ஆனாலும் சொல்கிறேன், எட்டாவதுதான் சிறந்தது.

குடந்தைக்காரி

எதுவும் நடக்கவில்லையா? ரயில் நிலையத்தைப் பார்க்கவில்லையா நீங்கள்? பர்ட் தன் காரில் அழைத்துவந்து, எந்த ஊருக்குப் போகிறாய் என்று எனக்கே தெரிய வேண்டாம் என்று சொல்லி, இர்விங்கை ரயில் ஏற்றுகிறாரே. அவர்களாக நடித்த வால்கனும் டர்டுரோவும் அந்தக் காலி நிலையத்தில் உட்கார்ந்திருப்பதைவிடப் பெரிதாக என்ன நடக்க வேண்டும்?

கே.ஆர்.புரத்தில் நானும் என் அம்மாவும். முழங்கால் சிகிச்சைக்காக அம்மா கும்பகோணத்திலிருந்து வந்து இரண்டு மாதம் என்னோடு இருந்தார். ஆங்கிலம் தெரியாது. நான் இரவுப் பணி முடிந்து வந்து இதைப் பார்க்கும்போது அம்மா பக்கத்தில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருப்பார். கதை கேட்க மாட்டார். அந்த வெள்ளை நடைபாதைகளைப் பார்த்துவிட்டு, "இது என்ன ஆஸ்பத்திரியா?" என்று ஒரே ஒரு முறை கேட்டதோடு சரி.

நிலையக் காட்சி வந்தபோது கீரையைக் கீழே வைத்தார். "இவர்கள் அண்ணன் தம்பியா?" என்றார். "இல்லை அம்மா, ஒருவர்மேல் ஒருவருக்குப் பிரியம்" என்றேன். அவ்வளவுதான் சொன்னேன். அம்மா ஒன்றும் சொல்லவில்லை. இர்விங் நாயோடு ரயிலில் ஏறியதும், "நாயையும் கூட அனுப்புகிறார் பார். திரும்பி வரும் ஆளாக இருந்தால் நாயை இங்கே விட்டுவிட்டுப் போயிருப்பான்" என்றார்.

எட்டு வாரமாக வசனம் வசனமாகக் கேட்ட எனக்கு அது தோன்றவில்லை. என் அப்பா 1998இல் வீட்டைவிட்டுப் போனவர். போகும்போது தன் தறிச் சாமான்களையும் எடுத்துக்கொண்டு போனாராம். அதை நான் பின்னால் சித்தி சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். அன்று அம்மாவிடம் கேட்க வாய் வரவில்லை. அவர் மறுபடியும் கீரையை எடுத்துக்கொண்டார்.

ஐந்நூறு டி

சில்க்போர்டுக்குப் போகும் 500டி பஸ்ஸில் காதில் கருவியை மாட்டிக்கொண்டு பார்த்தேன். மார்க் அந்தக் குடிலுக்குள் கால் வைத்து இன்னியாகக் கண் விழித்த நொடியில் என் நிறுத்தத்தைத் தாண்டிவிட்டேன். என் அனுபவம் அவ்வளவே.

ஆனால் கிழக்குச் சன்னல் எழுதியதைப் படித்த பிறகு சும்மா போக மனம் வரவில்லை. அந்தப் பெண்ணைத் தொடர்புகொள்ள முடிந்தால் இதையெல்லாம் சொல்லுங்கள். முதலில், பணிவிடுவிப்புக் கடிதமும் அனுபவச் சான்றும் கையில் வாங்காமல் அலைபேசியில் வரும் வாக்குறுதிகளை நம்ப வேண்டாம். ஏழு மாதச் சம்பளச் சீட்டுகளையும் தன் சொந்த மின்னஞ்சலில் வைத்துக்கொள்ள வேண்டும்; நிறுவன மின்னஞ்சல் அன்று மாலையே மூடப்பட்டுவிடும். வரி பிடித்திருந்தால் அதற்கான சான்றிதழையும் கேட்டு வாங்க வேண்டும். வருங்கால வைப்பு நிதிக்கு அவள் அடிப்படைச் சம்பளத்தில் 12 சதவீதம் பிடித்திருப்பார்கள், நிறுவனமும் அதற்கு ஈடாகச் செலுத்த வேண்டும். அந்த நிதிக்கான அடையாள எண்ணான யு.ஏ.என். வாழ்நாளுக்கும் ஒன்றுதான். புதிய வேலைக்குப் போனதும் பழைய கணக்கை அதற்கு மாற்றிக்கொள்ளலாம். பணம் தேவை என்று அவசரப்பட்டு முழுவதையும் எடுத்துவிட வேண்டாம். தொடர்ந்து ஐந்து ஆண்டு சேவை ஆகும் முன் எடுத்தால் வரி வரும். இதை என் தங்கைக்கு யாரும் சொல்லவில்லை, அவள் எடுத்துவிட்டாள்.

இரண்டாவது, இங்கே இருக்கும் எல்லோருக்கும்: அலுவலக மடிக்கணினியில் குடும்பப் படம், சாமி படம், குழந்தை வரைந்த ஓவியம், எதையும் ஒட்டாதீர்கள், சேமிக்காதீர்கள். ஒட்டித்தான் ஆக வேண்டும் என்றால் உறை ஒன்று வாங்கி அதன்மேல் ஒட்டுங்கள். உறை உங்களுடையது. யாரும் அதைக் கேட்க முடியாது.

கிழக்குச் சன்னல்

500டி அண்ணா, நான் ஆலோசனை கேட்கவில்லை. அந்தப் படிவங்களை நாள்தோறும் நிரப்புகிறவள் நான். ஆனால் உறை பற்றிச் சொன்னது மனதில் பதிந்துவிட்டது.

பழைய ரசிகன் அவர்களே, ஹுவாங் கண்காணிக்க வந்தவள் என்பது எனக்குத் தெரியாததா? கண்காணிக்கிறவளையும் அந்த இடம் அப்படித்தான் நடத்துகிறது என்பதுதான் என்னைக் குத்துகிறது. நானும் கண்காணிக்கிறவள்தான்.

அந்தப் பெண்ணின் மடிக்கணினி துடைக்கப்பட்டு வேறொருவருக்குப் போய், இந்த மாதம் திரும்ப என் அலமாரிக்கு வந்திருக்கிறது. யாரோ ஸ்பிரிட் போட்டுத் தேய்த்திருக்கிறார்கள். வேலின் தண்டு இருந்த இடத்தில் பசை மட்டும் மெல்லிய கோடாக நிற்கிறது. விரல் வைத்தால் ஒட்டுகிறது.

மான்யதா பத்தாம் மாடி

மில்சிக்கைப் பற்றி ஒருவரும் எழுதவில்லையே! பெரிய சொற்களைப் பேசுகிறாய் என்று குறை சொன்ன மேலதிகாரி டிரம்மண்டிடம், பெரிய சொற்களிலேயே ஒரு வசையைச் சொல்லி, பிறகு சின்னச் சொற்களில் அதை விளக்குகிறாரே, அந்த நிமிடத்தில் நான் நாற்காலியிலிருந்து எழுந்து நின்றுவிட்டேன். என் உச்சரிப்பை நான்கு ஆண்டுகளாகத் திருத்திக்கொண்டிருக்கும் மேலதிகாரி எனக்கும் உண்டு. மில்சிக்காக நடித்த ட்ரமெல் டில்மனுக்கு அதே ஆண்டு செப்டம்பரில் எம்மி விருது கிடைத்தபோது என் வீட்டில் பாயசம் வைத்தோம். உண்மையாகவே வைத்தோம்.

ஹூடி வாசகர்

குடந்தைக்காரி அவர்களே, அம்மா முடிவைப் பார்த்தாரா?

குடந்தைக்காரி

இல்லை. மார்ச் 19, புதன்கிழமை மாலை ஊருக்குக் கிளம்பிவிட்டார். மெஜஸ்டிக் நிலையத்தில் ரயில் ஏற்றிவிட்டேன். கீழ்ப் படுக்கை, ஜன்னலோரம். பையை இருக்கைக்கு அடியில் தள்ளிவிட்டுத் தண்ணீர் பாட்டில் வாங்கி வந்து கம்பி வழியாகக் கொடுத்தேன். கையைப் பிடித்துக்கொண்டார். "அந்தப் பெரியவர் எந்த ஊரில் இறங்கினார் என்று வெள்ளிக்கிழமை பார்த்துவிட்டுச் சொல்" என்றார்.

வெள்ளிக்கிழமை காலை முடிவு எபிசோடான 'கோல்ட் ஹார்பர்' முழுவதையும் அதற்காகவே பார்த்தேன். இர்விங் அதில் வரவே இல்லை. எட்டு மணிக்கு அம்மாவே அழைத்துக் கேட்டார். நாயும் அவரும் ஒரு நல்ல ஊரில் இறங்கிவிட்டார்கள், வீடு பார்த்துவிட்டார்கள் என்று சொன்னேன்.

"வாசலில் இடம் இருக்கிறதா, நாய் படுக்க?" என்று கேட்டார். இருக்கிறது என்றேன்.