உடுப்பரப்புச் சார்பும் அதன் கெழு வரம்பும்

அன்பர்களுக்கு வணக்கம்.

அலகு வட்டத்தகட்டை ஒன்றுக்கொன்றாக உருமாற்றி, நிழலுருவின் (சார்பின் மதிப்புகள் நிரப்பும் பரப்பின்) எந்தப் புள்ளியையும் ஆதிப்புள்ளியோடு இணைக்கும் கோட்டுத்துண்டு அந்த நிழலுருவுக்குள்ளேயே அடங்கும்படி அமையும் பகுமுறைச் சார்புகளை "விண்மீன்வடிவச் சார்புகள்" என்று அழைக்கலாம் என்னும் முன்மொழிவை ஏற்கத் தயங்குகிறேன். வடிவம் சார்புக்கு உரியதன்று. நிழலுருவாகிய பரப்புக்கே உரியது. பிரெஞ்சில் "எத்வாலே" என்ற ஒரே அடை இரண்டுக்கும் வருகிறது. புதுச்சேரியில் பிரெஞ்சு வழியே பயின்றவர்களுக்கு அது பழகியிருக்கலாம், ஆனால் தமிழில் அந்த மயக்கத்தை நாம் சுமக்க வேண்டியதில்லை. எங்கள் கடலூர்ப் பக்கப் பேச்சில் விண்மீனை "வெள்ளி" என்பதும் உண்டு. உலோகமும் கோளும் கிழமையும் அதில் கலந்துவிடுவதால் அதுவும் உதவாது.

"உடு" என்பதும் விண்மீனையே குறிக்கும். ஆகவே பரப்பை "உடுப்பரப்பு" என்றும், அப்படிப்பட்ட நிழலுருவைத் தரும் சார்பை "உடுப்பரப்புச் சார்பு" என்றும் சொல்வோம்.

இதன் பெரும்பயன் அடுத்த வகைச் சார்புகளில்தான் தெரிகிறது. நிழலுரு குவிபரப்பாக, அதாவது அதன் எந்த இரு புள்ளிகளை இணைக்கும் கோட்டுத்துண்டும் அதற்குள்ளேயே அடங்குவதாக, இருக்கும் சார்பை "குவிவுச் சார்பு" என்று எழுதினால், மெய்யெண் பகுப்பாய்வில் வளைவரையின் குவிவைக் குறிக்கும் அதே பெயரோடு மோதும். "குவிபரப்புச் சார்பு" என்றால் மோதல் இல்லை. 1915இல் அலெக்சாண்டர் நிறுவிய தேற்றமும் தெளிவாகிவிடும்: ஆதிப்புள்ளியில் மதிப்பு 0, வகைக்கெழு 1 என இயல்பாக்கிய ஒரு சார்பு குவிபரப்புச் சார்பாக இருப்பதற்குத் தேவையானதும் போதுமானதுமான நிபந்தனை, அதன் வகைக்கெழுவை மாறியால் பெருக்கிக் கிடைப்பது உடுப்பரப்புச் சார்பாக இருப்பதே. இவ்வாறு இயல்பாக்கிய உடுப்பரப்புச் சார்பின் அடுக்குத்தொடரில் n ஆவது கெழுவின் மட்டு மதிப்பு n-ஐ மிகாது என்று நெவன்லின்னா காட்டினார். பீபர்பாக் 1916இல் இயல்பாக்கிய எல்லா ஒன்றுக்கொன்றான பகுமுறைச் சார்புகளுக்கும் ஊகித்த இதே வரம்பைப் பொதுவாக நிறுவ 1984இல் டி பிராஞ்சு வரவேண்டியிருந்தது. கோபே சார்பு என்னும் உடுப்பரப்புச் சார்பின் கெழுக்கள் 1, 2, 3 என்றே செல்வதால் இந்த வரம்பைக் குறைக்க இயலாது. தேற்றத்தில் சொன்னபடி வகையிட்டுப் பெருக்கும்போது n ஆவது கெழு n மடங்காவதால், குவிபரப்புச் சார்புக்கு வரம்பு 1 என்பது ஒரே வரியில் கிடைக்கிறது.

"வரம்பு" என்றே எழுதுகிறேன். "எல்லை" பள்ளிப் பாடநூல்களில் வேறொரு கருத்துக்கு (ஆங்கிலத்தில் "லிமிட்") நிலைபெற்றுவிட்டது.

உடுப்பரப்புச் சார்புகளை மேலும் வகைப்படுத்த இராபர்ட்சன் 1936இல் புகுத்திய ஆல்ஃபா என்னும் எண் பற்றி ஒன்று. வகைக்கெழுவை மாறியால் பெருக்கிச் சார்பால் வகுத்ததன் மெய்ப்பகுதி ஆல்ஃபாவை விஞ்ச வேண்டும். ஆல்ஃபா 0 முதல் 1க்குள் எந்த மெய்யெண்ணாகவும் இருக்கலாம். ஆல்ஃபா அரையானால் எல்லாக் கெழுக்களுக்கும் வரம்பு 1 ஆகிறது. ஆங்கிலத்தில் இந்த ஆல்ஃபாவை "ஆர்டர்" என்பர்; அதைத் தமிழில் "வரிசை" எனலாமா? வகைக்கெழுச் சமன்பாட்டின் "வரிசை" முழு எண். இங்கே அச்சொல் பொருந்தாது. ஆகவே "ஆல்ஃபா அளவு உடுப்பரப்புச் சார்பு" என எழுதலாம் என்பது என் பரிந்துரை.