கலைச்சொல்: கன்டினியூட்டிக்குக் ‘கதைக்கணக்கு’ சரிவருமா?

அனைவருக்கும் வணக்கம்.

காமிக்ஸ் வாசகர்கள் சொல்லும் ‘கன்டினியூட்டி’ (continuity) போன்ற சொற்களுக்குத் தமிழ் தேடிக்கொண்டிருக்கிறோம். ‘தொடர்ச்சி’ என்ற சொல் இருக்க, கன்டினியூட்டிக்குப் புதுச்சொல் எதற்கு என்று நம் குழுவில் ஐயா ஒருவர் கேட்டிருந்தார். இரண்டு நாளாக அதையே யோசித்துக்கொண்டிருக்கிறேன். வார இதழ்களில் ‘தொடர்ச்சி 34ஆம் பக்கம்’ என்று படித்து வளர்ந்த நமக்குத் தொடர்ச்சி என்றால் அடுத்து வருவது. சூப்பர்ஹீரோ காமிக்ஸ் வாசகர் கன்டினியூட்டி என்னும்போது மனத்தில் இருப்பது வேறு. இதுவரை அச்சான கதைகளில் எவையெல்லாம் இந்தப் பாத்திரத்துக்கு நிஜமாகவே நடந்தவை? அதுதான் அவர் கவலை. சூப்பர்மேன் வந்தது 1938இல், பேட்மேன் 1939இல். அன்றிலிருந்து எத்தனையோ கைகள் மாறி மாறி எழுதிவிட்டன. முப்பது, நாற்பது ஆண்டு படித்தவர் புது இதழைப் பிரித்ததும் கேட்கும் கேள்வி, “அப்போ அந்தப் பழைய கதை கணக்கில் வருமா, வராதா?”

நாம் தேடும் சொல் அந்தக் கேள்விக்குள்ளேயே இருக்கிறது. கதைக்கணக்கு. ‘கணக்கில் வரும் கதை’, ‘கணக்கில் வராத கதை’, ‘கணக்கு இடிக்கிறது’ என்று பேச்சில் தானாகப் புழங்கும். பள்ளிக்கூடக் கணக்கு நினைவுக்கு வருமே என்று ஒருவர் தயங்கினார். கடைக்கணக்கும் கணக்குத்தானே? இங்கே வேண்டியது பேரேடுதான்.

அந்தப் பேரேட்டை அதிகம் பார்த்துக்கொண்டது வாசகர்கள். 1964இல் மார்வெல் பதிப்பகத்தின் ‘ஃபென்டாஸ்டிக் ஃபோர்’ கதையொன்றில் எழுத்தாளர் ஸ்டான் லீ, ஹல்க்கின் இயற்பெயரான புரூஸ் பேனரை மறந்து பாப் பேனர் என்று எழுதிவிட்டார். வாசகர்கள் விடவில்லை. கடைசியில் அவர் முழுப்பெயரே ராபர்ட் புரூஸ் பேனர் என்று ஆயிற்று. பாப் என்பது ராபர்ட்டின் செல்லப்பெயர் என்பதால் கணக்கு நேரானது. இப்படிப் பிழைகளைக் கண்டுபிடித்தவர்களுக்கும், பிழையே இல்லை என்று காரணம் கட்டியவர்களுக்கும் மார்வெல் ஒரு உறை அனுப்பியது. உள்ளே பரிசு இருப்பதாக உறைமேல் அச்சிட்டிருக்கும். பிரித்தால் ஒன்றும் இருக்காது. அந்த வெற்று உறைக்காக வாசகர்கள் போட்டிபோட்டு எழுதினார்கள். அந்த அன்பை நினைத்தால் எனக்கு இன்றும் நெகிழ்ச்சியாக இருக்கிறது.

அடுத்தது ரெட்கான் (retcon): முன்பு அச்சான கதையில் நடந்ததைப் பின்னால் வரும் கதை மாற்றி, எப்போதுமே அப்படித்தான் இருந்தது என்று ஆக்குவது. இதற்கு அக்கா சொன்ன ‘இடைச்செருகல்’ நல்ல சொல், நம் ஏட்டுச்சுவடி மரபிலிருந்து வருவது. ஆனாலும் பொருந்தவில்லை என்பேன். இடைச்செருகலில் செருகிய கை ஒளிந்திருக்கும். கண்டுபிடித்தால் பதிப்பாசிரியர் நீக்கிவிடுவார். ரெட்கானிலோ செருகுவது உரிமையுள்ள பதிப்பகமே. நீக்கப்படுவது பழைய கதை.

பேட்மேனுக்குத் துணையாக வரும் பையனுக்கு ராபின் என்று பெயர்; இரண்டாவது ராபின் ஜேசன் டாட்டைப் பாருங்கள். 1983இல் அறிமுகமானபோது சர்க்கஸ் குடும்பத்துப் பையன். முதல் ராபின் டிக் கிரேசனின் கதையை அப்படியே பிரதி எடுத்தது போல. 1987இல் வேறு கதை வந்தது. தெருவில் நிற்கும் பேட்மொபைலின் சக்கரத்தைக் கழற்றித் திருடும் அநாதைப் பையன். இவன் எப்போதுமே அப்படித்தான் இருந்தான், சர்க்கஸ் என்பதே கிடையாது. 1983 இதழைக் காசு கொடுத்து வாங்கியவர் வீட்டில் அந்தச் சர்க்கஸ் பத்திரமாக இருக்கிறது. மை கூட மங்கவில்லை. நடந்ததாகத்தான் இல்லை. அடுத்த ஆண்டே, 1988இல், இந்தப் பையன் வாழ்வதா சாவதா என்று தொலைபேசியில் வாசகர் வாக்கெடுப்பு நடத்தினார்கள். சாகட்டும் என்று 5,343, பிழைக்கட்டும் என்று 5,271. செத்தது திருடனாக வந்த ஜேசன். சர்க்கஸ் பையனுக்கு அந்த வாக்குக்கூடக் கிடைக்கவில்லை.

இதற்கு நம் அரசாணைகளில் தினமும் புழங்கும் சொல் ஒன்று உண்டு: முன்தேதியிட்டு. ஊதிய உயர்வு ‘முன்தேதியிட்டு அமலுக்கு வருகிறது’ என்போம். 1987இல் எழுதியதை 1983க்கும் செல்லும்படி ஆக்கியது அதேதான். ஆகவே ரெட்கானுக்கு ‘முன்தேதியிடல்’, அப்படி வந்த கதைக்கு ‘முன்தேதிக்கதை’. ‘திருத்தம்’ என்ற சொல்லை வேண்டுமென்றே தவிர்த்தேன். எழுத்தாளர் ராய் தாமஸ் 1983இல் ‘ஆல்-ஸ்டார் ஸ்குவாட்ரன்’ கடிதப் பக்கத்தில் ரெட்கானின் விரிந்த வடிவமான ‘ரெட்ரோஆக்டிவ் கன்டினியூட்டி’யைப் பயன்படுத்தியபோது, அந்த இதழில் அவர் முக்கியமாகச் செய்துவந்தது 1940களின் பழைய கதைகளுக்கு நடுவே புதியவற்றைக் கோப்பது. திருத்தம் என்றால் ஏதோ பிழை இருந்ததாக ஆகிவிடும்.

பழையதை ஒதுக்கிவிட்டுக் கதையை முதலிலிருந்து தொடங்கும் ரீபூட்டுக்குப் (reboot) ‘புதுக்கணக்கு’. சித்திரை முதல் நாளில் மஞ்சள் தடவிய புது நோட்டில் கடைக்காரர் எழுதுவாரே, அது. சூப்பர்மேன், பேட்மேன் கதைகளை வெளியிடும் டிசி நிறுவனம் 1985-86இல் பன்னிரண்டு இதழ்களில், தன் கதைகள் தனித்தனியாக நடந்துவந்த பல பூமிகளையும் ஒன்றாக்கியது ஒரு புதுக்கணக்கு. 2011இல் 52 இதழ்த் தொடர்களை முதல் எண்ணிலிருந்து தொடங்கியது இன்னொன்று. இதில் ஒரு நயம் பாருங்கள்: புது நோட்டிலும் பழைய பாக்கியை எடுத்தெழுதுவோம். 2011இலும் பேட்மேனின் பாக்கி அப்படியே ஏறியது. வீரர்கள் உலகுக்குத் தெரியவந்தே ஐந்து ஆண்டுதான் என்றார்கள். அதற்குள் பேட்மேனிடம் வரிசையாக ராபின்கள் வளர்ந்து போயிருந்தார்கள்; அவர் மகன் டேமியனுக்கோ பத்து வயது. வாசகர்கள் விரல்விட்டு எண்ணிப் பார்த்து அலுத்தார்கள். ‘பழைய பாக்கி’ என்பதையும் சேர்த்துக்கொள்ளலாம் என்று நினைக்கிறேன்.

ஒன்றுக்கு மட்டும் என்னிடம் நல்ல சொல் இல்லை. ‘அயர்ன் மேன்’ டோனி ஸ்டார்க் 1963இல் வந்த முதல் கதையில் காயம்பட்டது வியட்நாமில். பிறகு அது வளைகுடாப் போர் ஆயிற்று, அதன்பின் ஆப்கானிஸ்தான். கதை மாறவில்லை, அவருக்கு வயதாகாமல் இருக்கப் போர்தான் கூடவே நகர்கிறது. இது முன்தேதி அல்ல, தேதியே வழுக்கிக்கொண்டு போவது. ‘நழுவுகாலம்’ என்று எழுதிப் பார்த்தேன், வினையாக்கினால் இடறுகிறது. யாருக்காவது இதைவிட நல்லதாகத் தோன்றினால் எழுதுங்கள்.