ஈறுக்குப் புரோபயாடிக் மாத்திரை: போட்டுப் பார்த்தவர்கள் அனுபவம்

பல் துலக்கித் துப்பினால் நுரையோடு ரத்தமும் வரும். அதற்காகத்தான் பல் டாக்டரிடம் போனேன். கோடு போட்ட மெல்லிய கம்பியை ஈறுக்கும் பல்லுக்கும் நடுவே விட்டு, பல் பல்லாக எண் சொல்லிக்கொண்டே வந்தார், உதவியாளர் எழுதிக்கொண்டார். அந்த இடுக்கின் ஆழம் 3 மில்லிமீட்டர் வரை இருந்தால் பயமில்லையாம். எனக்குக் கடைவாய்ப் பக்கம் 5. பல்லில் இறுகிய காரையைச் சுரண்டி எடுக்கும் ஸ்கேலிங் முடிந்ததும், “கட்டாயமில்லை, வேண்டுமானால் இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்” என்று லாக்டோபேசில்லஸ் ரியூட்டரி என்ற நல்ல பாக்டீரியா உள்ள புரோபயாடிக் மாத்திரை ஒன்றைச் சொன்னார்.

விழுங்கக் கூடாது. இரவு பல் துலக்கிய பிறகு வாயில் போட்டு, கடிக்காமல் தானாகக் கரையவிட வேண்டும். லேசான புதினா வாசம், கடைசியில் நாக்கில் மாவு மாதிரி ஒரு படலம். அப்புறம் எதையும் குடிக்காமல் படுத்துவிடுவேன். ஈறைக் கெடுக்கும் கிருமிகள் ஒட்டும் இடத்தை மாத்திரையில் உள்ள நல்ல பாக்டீரியா முந்திப் பிடித்துக்கொள்ளும், ரியூட்டரின் என்ற பொருளைச் சுரந்து மற்றதை அடக்கும் என்பது கணக்கு.

அடுத்த தடவை அளந்தபோது 5 இருந்த இடத்தில் 4. ரத்தக் கசிவும் வெகுவாகக் குறைந்திருந்தது. ஆனால் அதே சமயத்தில்தான் பல் இடுக்கில் விடும் சின்ன பிரஷ்ஷையும் ஆரம்பித்திருந்தேன், ஸ்கேலிங்கும் நடந்திருக்கிறது. மாத்திரைக்கு முழு மார்க் போட மனம் வரவில்லை.

மறுமொழி:
மவுத்வாஷையும் கவனியுங்கள். எனக்குக் குளோர்ஹெக்சிடின் எழுதித் தந்திருந்தார்கள். அதற்கு நல்ல கிருமி, கெட்ட கிருமி வித்தியாசம் கிடையாது. அந்த மருந்து முடிந்த பிறகே மாத்திரையைத் தொடங்கச் சொன்னார் டாக்டர்.

மறுமொழி:
என் அண்ணன் கதை வேறு. சிகரெட் பழக்கம் உண்டு. ஈறில் ரத்தமே வராது, அதனால் எல்லாம் சரியாக இருக்கிறது என்ற நினைப்பு. புகை ரத்தக் கசிவை மறைத்துவிடும் என்று அவருக்கு யார் சொல்வது? ஸ்கேலிங்குக்குப் பயந்து, அதற்குப் பதிலாக மாத்திரை டப்பாவாக வாங்கிக் கரைத்துக்கொண்டிருந்தார். பல் ஆடத் தொடங்கிய பிறகு அளந்தால் சில இடங்களில் 6க்கு மேல். பல்லில் காரை இறுகிவிட்டால் கருவியால் சுரண்டித்தான் எடுக்க வேண்டும். அதைக் கரைக்கிற பாக்டீரியா எந்த டப்பாவிலும் இல்லை.

மறுமொழி:
நான் வாங்கவே இல்லை, காரணத்தைச் சொல்லிவிடுகிறேன். 2020ல் வந்த ஐரோப்பிய ஈறுநோய்ச் சிகிச்சை வழிகாட்டி, ஈறுக்கு அடியில் சுத்தம் செய்யும்போது கூடவே புரோபயாடிக் தர வேண்டாம் என்றே பரிந்துரைக்கிறது. சில ஆய்வுகளில் பலன் தெரிந்தது உண்மைதான், ஆனால் எல்லாவற்றிலும் ஒரே மாதிரி வரவில்லை. என் டாக்டரும் அதையே சொன்னார். நிறுத்திவிட்டால் அந்தக் கிருமிகள் வாயில் பெரும்பாலும் தங்குவதில்லை, எத்தனை காலம் வாங்கிக்கொண்டே இருப்பது?

வாங்குகிறவர்கள் டப்பாவில் எந்த வகை பாக்டீரியா என்று பாருங்கள். நியூசிலாந்து ஆய்வாளர் ஜான் டாக் கண்டெடுத்த ஸ்ட்ரெப்டோகாக்கஸ் சலிவாரியஸ் கே12 என்ற பாக்டீரியாவையும் ‘வாய்க்கு நல்லது’ என்றே விற்கிறார்கள். அதன் பேர் பெரும்பாலும் தொண்டைக்கும் வாய்நாற்றத்துக்கும்தான். எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கும் மருந்து சாப்பிடுகிறவர்கள் டாக்டரைக் கேட்காமல் தொட வேண்டாம்.