நீரோடிப் பக்கம் தாழை திரும்ப வைக்க முடியுமா?

கொல்லங்கோட்டான்:
குமரி மாவட்டத்தின் மேற்குக் கடற்கரையில், நீரோடியிலிருந்து இரயுமன்துறை வரைக்கும் கரையோரம் தாழை அடைசலாக நின்றதாம், பாட்டி காலத்தில் ஓலை அறுத்து முள் வாரிப் பாய் முடைந்து விற்றிருக்கிறார்கள். இப்போது எங்கள் பக்கம் கல்சுவர், அதை ஒட்டி ரோடு, வீடு. தேடினாலும் ஒரு மூடு தாழை கிடையாது. கேரள எல்லை தாண்டிப் பூவார் போனால் காயல் ஓரத்தில் இன்னும் நிற்கிறது. ஏ.வி.எம். (அனந்த விக்டோரியா மார்த்தாண்டம்) கால்வாயை ஒட்டி எங்களுக்குக் கொஞ்சம் மணல் நிலம் உண்டு. நர்சரியில் கேட்டால் மஞ்சள் வரி போட்ட ஒன்றைக் காட்டுகிறார்கள். பழத்தை முளைக்க வைக்கலாமா, கன்று எடுக்கலாமா? பூவும் வேண்டும்.

தேங்காப்பட்டணம் பையன்:
அண்ணா, அந்த வரி போட்டது அழகுக்கு வளர்ப்பது. பிரியாணிக் கைதை என்று ஒன்று தருவார்கள், அதுவும் தாழை இனம்தான், ஆனால் பூக்கிற வழக்கமே இல்லை.

பூ வேண்டுமென்றால் பழம் போடாதீங்க. தாழையில் ஆண் செடி வேறு, பெண் செடி வேறு. தாழம்பூ என்று நாம் வாங்குவது ஆண் பூ, பெண் செடியில் அன்னாசி மாதிரி காய்தான் தொங்கும். பழத்திலிருந்து முளைத்தது எது என்று பூக்கிற வரை தெரியாது, அதற்குப் பல வருஷம் காத்திருக்க வேண்டும். அதனால் பூத்த செடியைப் பார்த்து வைத்துக்கொண்டு, உடையவரிடம் கேட்டு, விழுது விட்ட கிளையாக வெட்டி வாங்குங்கள். ஓலையைப் பாதிக்கு நறுக்கிவிட்டு இடவப்பாதி மழை (ஜூனில் தொடங்கும் பருவமழை) பிடித்ததும் நடுங்கள். முள் ஓலையின் இரண்டு ஓரத்திலும் தெரியும், நடுநரம்பின் அடியில் இருக்கும் மூன்றாவது வரிசைதான் கையைக் கிழிக்கும்.

கரைமடி:
கல்சுவருக்கு வெளியே வைக்கிற எண்ணம் இருந்தால் விட்டுவிடுங்கள். தாழை மணலைப் பிடித்து வைக்கும், சரி, ஆனால் அங்கே மணல் எங்கே இருக்கிறது? அலை சுவரில் மோதித் திரும்பும்போது அடிமணலையும் வாரிக்கொண்டு போகிறது. கால்வாய்க் கரையே நல்லது. அப்புறம், பக்கத்து வீட்டாரிடம் முதலில் பேசுங்கள். எங்கள் ஊரில் வேலிக்கு நின்றதையெல்லாம் பாம்பு அடையும் என்று வெட்டித் தீ வைத்தார்கள், எலி இருக்கிற எந்தப் புதரிலும் பாம்பு வரத்தான் செய்யும் என்று சொன்னால் கேட்க ஆளில்லை.

கொல்லங்கோட்டான்:
ஆண் செடி கிடைக்காவிட்டால்?

தேங்காப்பட்டணம் பையன்:
பெண்ணையே வையுங்கள், பாய்க்கு இரண்டின் ஓலையும் ஆகும். முடையக் கற்க ஆசையென்றால் கேரளத்தில் கருநாகப்பள்ளி பக்கம் தழவா போய் வாருங்கள், தாழம்பாய்க்குப் பேர்போன ஊர் அது.