இஞ்சினே பிரிச்சு மாட்டுறவனுக்கு மொத வருஷ ஒர்க்‌ஷாப் எதுக்கு?

டீசல்தம்பி (காசிமேடு):
எட்டு வருஷமா லாஞ்சு இஞ்சின் வேலை. ஏப்ரல் 15-லேர்ந்து ஜூன் 14 வரைக்கும் மீன்பிடி தடைக்காலம், 61 நாள் போட்டெல்லாம் கரைல நிக்கும், அப்பதான் எங்களுக்கு தூக்கமே கெடையாது, ஹெட்ட கழட்டி லைனர் (பிஸ்டன் ஏறி எறங்குற உருளையோட உள்சுவர்) தேஞ்சிருக்கா, பிஸ்டன் ரிங்கு போயிருக்கான்னு பாத்து மறுபடி மாட்டணும். இப்ப பார்ட் டைம் டிப்ளமோ சேந்தா இரும்புத்துண்ட ராவி சதுரமாக்குன்றாங்க. தெரிஞ்ச வேலைக்கு கிரெடிட் குடுங்க, அந்த பாடத்த முடிச்சதா கணக்கு வைங்கன்னு கேட்டேன், ஆபீஸ்ல சிரிச்சிட்டாங்க.

மிண்ட்வாத்தி:
சிரிச்சது தப்புதான் தம்பி. ஆனா ஒண்ணு கேக்குறேன், லைனர் தேஞ்சிருக்குன்னு எப்படி கண்டுபுடிப்பீங்க? தடவிப் பாத்தா, இல்ல உள்விட்டம் அளக்குற போர் கேஜ் வச்சா?

டீசல்தம்பி:
மேல் ஓரத்துல நகத்த வச்சா தட்டும் சார். கேஜும் இருக்கு, அது ஓனருக்கு காட்டறதுக்கு 😄

மிண்ட்வாத்தி:
அதான் பிரச்சனை. எவ்ளோ தேஞ்சிருக்குன்னு நகம் சொல்லாது.

வியாசை_அக்கா:
சார் நகம் தட்டுனதும் அவரு லைனர மாத்துறாரு, போட்டு கடலுக்கு போயி திரும்பி வருது, இதுக்கு மேல என்ன பரீட்சை வேணும்? 2023-ல வந்த தேசிய கிரெடிட் கட்டமைப்புல 30 மணி நேரத்துக்கு 1 கிரெடிட், 1200 மணிக்கு 40. வேலை அனுபவத்தையும் கணக்குல எடுக்கலாம்னு இருக்கு. ஒரு தடைக்காலம், நாளைக்கு 8 மணின்னு வச்சாலே 488 மணி, 16 கிரெடிட். எட்டு வருஷத்துக்கு நீங்களே பெருக்கிக்கோங்க.

மிண்ட்வாத்தி:
மணிய பெருக்குனா படிப்பு ஆயிடுமா? மதிப்பீடு பண்ணாம கிரெடிட் கெடையாதுன்னும் அதுலயே இருக்கு, அத ஏன் விட்டுட்டீங்க? நாளைக்கே எட்டு வருஷ அனுபவம்னு லெட்டர்பேடுல எழுதிக் குடுக்க ஆள் கெளம்பிடுவான். ஐடிஐ முடிச்சவன் டிப்ளமோ ரெண்டாம் வருஷம் நேரா சேரலாம், டிப்ளமோ முடிச்சவன் பிஇ ரெண்டாம் வருஷம் சேரலாம், வழி ஏற்கனவே இருக்கு.

வியாசை_அக்கா:
அதுவும் கைல சர்டிபிகேட் இருக்கறவனுக்குத்தானே. இவருக்கு கை மட்டும்தான் இருக்கு.
சரி, மதிப்பீடு விஷயத்துல நீங்க சொல்றது உண்மை. எங்க தம்பி எலக்ட்ரீசியன், ஆர்பிஎல்னு, ஏற்கனவே தெரிஞ்ச தொழிலுக்கு சர்டிபிகேட் தர்ற அரசு திட்டம், அதுக்கு கூப்ட்டாங்க, டிஷர்ட் தொப்பி குடுத்து போட்டோ எடுத்தாங்க, நாலு கேள்வி, சர்டிபிகேட் வந்துச்சு. ஒயர தொடவே விடல.

துறைமுகம்77:
அமெரிக்கால பட்டாளத்துல கத்துக்கிட்டதுக்கு காலேஜ் கிரெடிட் எவ்ளோன்னு 1945-லேர்ந்து மதிப்பு போட்டு சொல்றாங்க. கிளெப்னு ஒரு பரீட்சை வேற, பாஸானா பல காலேஜ்ல அந்த கிளாஸ்ல உக்கார வேணாம். நம்மாளுங்க அட்டெண்டன்ஸ விட மாட்டாங்க.

டீசல்தம்பி:
எனக்கு லெட்டரும் வேணாம் போட்டோவும் வேணாம். ஒரு இஞ்சின் குடுங்க, பக்கத்துல நின்னு பாருங்க, தப்பு பண்ணா ஃபெயில் போடுங்க.

மிண்ட்வாத்தி:
இது ஞாயம். இஞ்சினியரிங் டிராயிங் வருமா?

டீசல்தம்பி:
வராது சார். அதுக்குத்தான் சேந்ததே.

மிண்ட்வாத்தி:
அப்ப டிராயிங்குல சலுகை கேக்காதீங்க, ஒர்க்‌ஷாப்புக்கு உங்க பக்கம் பேசுறேன். ஆனா பாக்க வர்றவன் இஞ்சின் தெரிஞ்சவனா இருக்கணும், அந்த மாதிரி ஸ்டாஃப் எங்க டிபார்ட்மெண்ட்லயே ரெண்டு பேரு தேறுனா பெரிசு.

டீசல்தம்பி:
தேங்க்ஸ் சார். நாளைக்கு அந்த சதுரத்துக்கு ரெக்கார்ட் நோட்டு வேற எழுதணும், கெளம்புறேன்.